உப்பளத்துத் தோல்கள்

பங்குனி வெயில் முற்றிய ஒரு மத்தியானத்தில், எங்கள் அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த இசக்கிமுத்துவின் தோள்பட்டையில் ஒரு விளிம்பு எழும்பி, அது விரலுக்கு அகப்படும் அளவுக்கு வளர்ந்து, அரிப்புத் தாங்காமல் அவன் அதைப் பிடித்து இழுத்தபோது, தலை முதல் கால் வரை கிழிசலில்லாமல் ஒரே உருப்படியாகக் கழன்று வந்த அவனுடைய தோல், வரப்பில் சற்று நேரம் துவண்டு கிடந்துவிட்டு, கடற்காற்று உள்ளே புகுந்ததும் எழுந்து நின்று, தன்னை ஒருமுறை உதறிக்கொண்டு, கீழே கிடந்த வாரிப்பலகையை எடுத்து அவன் விட்ட இடத்திலிருந்து வாரத் தொடங்கியது. பக்கத்துப் பாத்தியில் நின்ற பெண்கள் தலைக்கூடையை இறக்காமலே பார்த்தார்கள். கங்காணி பொன்பாண்டி தோலின் வேலையைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "பலகை பிடிக்க பக்குவம் அப்படியே இருக்கு. அப்ப நீ என்னலே சும்மா நிக்க? நீயும் ஒண்ண எடு" என்று இசக்கிமுத்துவிடம் சொன்னார்.

அவ்வளவுதான் நடந்தது. இப்படியெல்லாம் நடக்குமா என்று எங்கள் ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்ட கேள்விகள் எல்லாம் வேறு. தோலுக்குக் கூலி முழுசா பாதியா, டவுன் பஸ்ஸில் அதற்கு டிக்கெட் எடுப்பதா லக்கேஜ் போடுவதா, அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்கும்போது தோலையும் ஒரு தலையாகச் சேர்ப்பதா, அதற்குச் சோறு வைக்க வேண்டுமா, வைத்தால் அது எந்த வழியாக உள்ளே போகும். அளத்து முதலாளி பாதிக் கூலி என்றார். கண்டக்டர், மடித்து மடியில் வைத்தால் ஒன்றும் வேண்டாம், சீட்டில் உட்கார்ந்தால் அரை டிக்கெட் என்றார். கொடைக் கமிட்டி கூட்டம் போட்டு, சத்தம் போட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை உடைத்து, தோலுக்கு அரைத்தலை என்று முடிவு செய்தது. சோற்று விஷயத்தில் மட்டும் தாய்மார்கள் யாரையும் கேட்கவில்லை. அவர்கள் பாட்டுக்கு ஓர் உருண்டையைப் பிசைந்து தோலின் முன்னால் வைத்தார்கள், காக்கை வந்து தின்றது, பிள்ளை சாப்பிட்டுவிட்டது என்று தட்டைக் கழுவினார்கள்.

ஒருவனுக்கு உரிந்தால் மற்றவன் சும்மா இருப்பானா? எங்கள் உப்பளத்தில் மேலே ஒரு வெயில், கீழே ஒரு வெயில். மேலே இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது. கீழே இருப்பது உப்பின் வெள்ளையில் பட்டுத் திரும்பி, மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்திலும் அக்குளிலும் ஏறுவது. இரண்டுக்கும் நடுவில் அப்பளம் மாதிரி நின்று வேலை செய்கிறவர்கள், மீசை முளைத்ததிலிருந்து கல்யாணம் ஆகும்வரையிலான பையன்கள், ஒருவர் பின் ஒருவராக உரிந்தார்கள். உரியாதவன், உரிந்தவனிடம் போய், எந்த எண்ணெய் தேய்த்தாய், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாய் என்று கேட்டான். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பையன்கள் உடம்பெல்லாம் தேங்காயெண்ணெயைப் பூசிக்கொண்டு உப்பு அம்பாரத்தின் சரிவில் கருவாடு மாதிரி வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். சாயங்காலம் விசில் ஊதியதும் அவனவன் பின்னால் அவனவன் தோல்கள் நடந்து வந்தன. அவற்றின் நிழல் நிழலாக இல்லாமல் மீன்வலை விரித்த மாதிரி கண்கண்ணாகத் தரையில் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் காற்று இறங்கி அவை மடிய, அம்மாக்கள் அவற்றைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினார்கள்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். பெண்கள் ஒருத்திக்கும் உரியவில்லை.

அதற்குக் காரணம் சட்டை. எங்கள் பக்கத்தில் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டி, பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தலையில் துண்டைச் சுற்றி முகத்தை மறைத்துக்கொண்டுதான் பாத்தியில் இறங்குவார்கள். கல்யாணம் நிச்சயமானதும் மாப்பிள்ளை தன்னுடைய சட்டை ஒன்றைப் பெண்ணுக்குக் கொடுப்பது வழக்கம். தாலிக்கு முன்னால் அந்தச் சட்டை அவள் வீட்டுக்குப் போய்விடும். ஒருமுறை அளத்துக்குப் போன சட்டை அப்புறம் ஆண் உடம்பில் ஏறாது. இப்படியாக, உலகமெல்லாம் ஆண்கள் போடுகிற சட்டை எங்கள் உப்பளத்தில் மட்டும் பொம்பளை உடுப்பு. ஆம்பளை என்றால் கைலியை மடித்துக் கட்டி வெற்றுடம்போடு நிற்க வேண்டும். துணி மறைத்தவர்கள் உரியவில்லை, மறைக்காதவர்கள் உரிந்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமா என்ன? ஆனால் பல்கலைக்கழகத்திலிருந்து நான் வந்து சொன்னபோதுகூட, பொம்பளைத் தோல் வேற ரகம் என்று சொல்லி விஷயத்தை முடித்தார்கள்.

இரண்டாவது விஷயம் இன்னும் கேவலமானது. உரிந்த உடம்பு சிவப்பாக இருந்தது. ஒரு தோல் போனால் மாநிறம், இரண்டு போனால் எலுமிச்சை, மூன்று போனால் ரோஸ். "ஒம் மவன் நல்லா செவத்துட்டாம்லா" என்று குழாயடியில் ஒருத்தி சொல்ல, பெற்றவள் முகம் மலர்ந்தது. இத்தனை காலம் கறுப்பு கறுப்பு என்று குமைந்த ஊருக்கு வெயிலே வந்து சிவப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறது, கூடவே பாதிக் கூலிக்கு ஓர் ஆளையும் கொடுக்கிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? தரகர்கள் ஜாதகத்தோடு தோல் கணக்கும் சொல்லத் தொடங்கினார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக மூணு தோல் ஓடுது என்று, லாரி ஓடுவதைச் சொல்வதைப் போலச் சொன்னார்கள்.

என் அண்ணன் சுயம்புவுக்கு மூன்று ஓடியது.

மூன்றாவது கழன்ற வாரத்தில் நான் திருநெல்வேலியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா கொடியில் தொங்கிய புதுத் தோலின் முழங்கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அண்ணன் கீழே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். அவன் கழுத்தில் நீல நரம்பு ஓடுவது தெரிந்தது. சோறு இறங்குவதும் தெரிந்தது.

"எப்படிட்டி இருக்கேன்? சினிமாக்காரன் மாரி இல்ல?"

"உரிச்ச கோழி மாரி இருக்க."

"பொறாம."

நான் பையிலிருந்து ஒரு டியூபை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "வெயிலுக்குப் பூசுறது. மூஞ்சி, கழுத்து, காது, பாதத்துக்கு மேல. வேர்த்து வழிஞ்சா திரும்பப் பூசணும்."

"வெள்ளையாவுற கிரீமா? அதான் நாங்க சும்மாவே ஆயிட்டமே."

"வெள்ளையாவுறதுக்கு இல்ல. கறுப்பா இருக்கவன் கறுப்பாவே உசுரோட இருக்குறதுக்கு."

இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலுக்குப் பூச வேண்டியதை வெள்ளைக்குப் பூசுவதாக இத்தனை காலம் பெட்டிக்கடைவரை கொண்டுவந்து விற்றவர்கள் யாரோ, அவர்களால்தான் இன்றைக்கு ஒரு தங்கச்சி தன் அண்ணன் முன்னால் டியூபை நீட்டினால் அவன் சிரிக்கிறான். அந்தப் பக்கம் அவர்கள் கறுப்பு அசிங்கம் என்றார்கள். இந்தப் பக்கம் எங்கள் ஊர் இளைஞர் மன்றம், கறுப்புக்கு வெயில் ஒன்றும் செய்யாது, கறுப்பே கவசம் என்று பேனர் கட்டியது. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது தோல்.

"கறுப்புக்கு எதுக்குட்டி இதெல்லாம்?" என்றான் அண்ணன், பேனரைப் பார்த்துப் படித்தவன் மாதிரி.

"கறுப்பு ஒரு ஓலைத் தட்டி அண்ணே. வெயில கொறைக்கும், நிறுத்தாது. நீ தட்டிய மூணு தடவ பிச்சு எறிஞ்சிட்டு உள்ள குத்த வச்சிருக்க. சரி, கிரீம் வேண்டாம். ஒரு சட்டையப் போடு. தலைக்கு ஒரு தொப்பி. உச்சி வெயில்ல மட்டும் கொட்டகைக்குள்ள போயிரு."

"சட்டையப் போட்டு, பொட்டு வச்சி, பூவும் வச்சிக்கிடுதேன். பொண்ணு பாக்க வாறாவளா?"

"நீ செத்துப் போவ."

"யாரு செத்தா? எவஞ் செத்தான் சொல்லு." அவன் கையைக் கழுவிக்கொண்டே கொடியைக் காட்டினான். "ஒன் காலேஜு எந்தத் தோலுல நடக்குன்னு தெரியுமாட்டி? நடுவுல தொங்குது பாரு, அதுல. பேசும்போது அதையும் சேத்துப் பேசு."

காலேஜ் பட்டிமன்ற மேடையில் எதிரணியை மடக்கி மடக்கிப் பழகியவள் நான், அன்றைக்குக் கொடியைத்தான் பார்த்தேன். நடுவில் தொங்கிய தோல் காற்றில் மெல்லத் திரும்பி எனக்கு முதுகைக் காட்டியது. முதுகில் தோள்பட்டைக்குக் கீழே, ஊசி குத்திய அளவில், வெளிச்சம் தெரிந்தது.

சித்திரை பிறந்ததும் அவனுக்குப் பெண் பேசினார்கள். பெண் ஜெயக்கொடி, பக்கத்து அளத்தில் கூடை சுமக்கிறவள். அவளுடைய அப்பா எங்கள் வீட்டுக் கொடியை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணா? எங்க பக்கம் இப்ப நாலு கேக்காவ."

"கல்யாணத்துக்குள்ள இன்னொண்ணு கழத்திருவான்" என்றாள் அம்மா. "கத்திரி வருதுல்லா."

அண்ணன் தன் நீலக்கட்டம் போட்ட சட்டையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தான். ஜெயக்கொடி அதை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டு, என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டாள்.

"மதினி, ஒங்க அண்ணனுக்கு நெஞ்சு துடிக்கது வெளிய தெரியுது. நான் பாத்துட்டேன். இங்க யாரும் பாக்கலையா?"

"பாக்காவ. செவப்புன்னு நினைக்காவ."

"எனக்கு நாலு வேண்டாம். எங்க அப்பாட்ட சொன்னா, ஒனக்கு என்ன தெரியும்ங்காரு."

"எனக்கும் அதையேதான் சொல்லுதாவ. நான் படிச்சவ, ஒனக்கு ரெண்டு மார்க்கு கம்மி, அவ்வளவுதான் வித்தியாசம்."

அவள் சிரித்தாள். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த வாரக் கடைசியில் இசக்கிமுத்து ஐந்தாவதை உரித்தான். ஊரில் அதுவரை ஐந்து எவனுக்கும் இல்லை. பையன்கள் சுற்றி நின்று கைதட்ட, அவன் அம்பாரத்தின் சரிவிலிருந்து எழுந்து உட்கார்ந்து, கழுத்தோரம் எழும்பிய விளிம்பைப் பிடித்து, சினிமாவில் கதாநாயகன் துண்டை வீசுகிற மாதிரி ஒரு வீசு வீசினான். தோல் வந்துவிட்டது. உள்ளே ஆள் இல்லை. ஒரு தவலை தண்ணீர் அளவுக்குக் கொஞ்சம் ஈரம் மட்டும் உப்பின் மேல் நின்று, வடிந்து, வரப்பைத் தாண்டிப் பாத்திக்குள் இறங்கியது. ஐந்தாவது தோல் எழுந்து நின்று, உதறிக்கொண்டு, மற்ற நாலோடு போய்ப் பலகையைப் பிடித்தது. கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் தட்டினார்கள், எப்போது நிறுத்துவது என்று தெரியாமல்.

பாடை கட்டவில்லை. யாருக்குக் கட்டுவது? ஐந்து இசக்கிமுத்துகளும் விசில் ஊதும்வரை வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். முதலாளி பக்கம் நஷ்டஈடு கேட்கப் போனவர்களிடம் பொன்பாண்டி, "ஆளு நாளைக்கும் வேலைக்கு வாராம்லா, எதுக்கு ஈடு?" என்று நியாயமாகத்தான் கேட்டார். அந்தப் பாத்தியில் அடுத்து விளைந்த உப்பு லேசாகச் சிவந்திருந்தது. அதை அம்பாரத்தின் அடியில் போட்டுக் கலக்கச் சொன்னார், கலந்தார்கள், லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. எங்கெங்கோ குழம்பில் கரைந்திருக்கும்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள், மழைக்கு முன்னால் வாய்க்கால் வெட்டுவதைப் பற்றிப் பேச. அது முடிந்ததும் நான் எழுந்தேன். கூட்டத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் எழுந்தால், ஏதோ கீழே விழுந்துவிட்டது, எடுக்க எழுந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

"ஒரு கேள்வி" என்றேன். "அம்பாரத்துக்கு ஏன் ஓலை போடுதோம்?"

"மழையில கரைஞ்சிரும்லா" என்றார் ஒருவர்.

"மழை எப்ப வரும்?"

"ஐப்பசியில."

"ஐப்பசியில வர்ற மழைக்குப் பயந்து உப்புக்கு ஓலை வாங்கி வச்சிருக்கோம். தினம் வர்ற வெயிலுக்கு ஒடம்புக்கு என்ன வாங்கி வச்சிருக்கோம்? அன்னைக்கு கரைஞ்சு போனானே, அவன் உப்பவிட மட்டமா?"

இரண்டு மூன்று தலைகள் ஆடின. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பொன்பாண்டி அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, பாசத்தோடு சொன்னார்: "வெயிலும் நாமளும் சொந்தக்காரங்க தாயி. தலமொற தலமொறயாப் பழக்கம். சொந்தக்காரன் அடிப்பான், கொல்ல மாட்டான்."

"நம்ம ஊருல இதுவரைக்கும் வெட்டிக்கிட்டதெல்லாம் யாரு அண்ணாச்சி, வெளியூர்க்காரனா?"

கூட்டம் சிரித்தது. நன்றாகச் சிரித்தது. என் பேச்சைப் பிடித்துப்போய்ச் சிரித்தது. சிரித்து முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தது. அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த இசக்கிமுத்துவின் அம்மா பேச்சியம்மாள் யாரிடமும் என்றில்லாமல் சொன்னாள்: "அஞ்சு பேரு வாராவ. கதவத் திறந்து விடுதேன், வந்து நிக்காவ. ஒருத்தங்கூட யம்மான்னு கூப்பிட மாட்டேங்கான்."

எழுந்தவர்கள் நின்றார்கள். இதோ, என் வாதத்தைவிடப் பெரிய வாதம் வந்துவிட்டது, இப்போதாவது என்று நான் காத்திருந்தேன். அவர்கள் நின்றது செருப்பைத் தேடுவதற்கு.

அக்னி நட்சத்திரம் தொடங்கியது. அண்ணன் நாலாவதுக்குத் தயாரானான். காலையில் அவன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கும்போது அவனுடைய விலா எலும்புகளுக்குப் பின்னால் வீட்டுச் சுவரின் நீலம் மங்கலாகத் தெரிந்தது. நான் படியில் உட்கார்ந்து வழியை மறித்தேன். "இனிமே உள்ள ஒண்ணும் இல்ல அண்ணே. இதுதான் நீ. இதக் கழத்தினா கழத்துறதுக்கு ஆளு இருக்காது" என்றேன். அவன் என் தலையில் கை வைத்து, மெதுவாக ஒதுக்கிவிட்டு, தாண்டிப் போனான். அந்தக் கையில் பாரமே இல்லை.

மத்தியானம் நானும் அம்மாவும் அளத்துக்குப் போனோம். அம்மா எனக்காக வரவில்லை. புதுத் தோலை வீட்டுக்குக் கூட்டிவர வந்தாள். ஜெயக்கொடி பக்கத்து அளத்திலிருந்து எங்களைப் பார்த்துவிட்டு, கூடையை வரப்பில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் சேலைக்கு மேல் நீலக்கட்டச் சட்டை. அண்ணன் சரிவில் குப்புறப் படுத்திருந்தான். எண்ணெய் மினுமினுத்தது. உப்பின் வெள்ளையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. அவனுடைய மூன்று தோல்களும் கீழே பாத்தியில் ஒரே தாளத்தில் வாரிக்கொண்டிருந்தன.

தோளில் விளிம்பு எழும்பியது.

நான் போய் உள்ளங்கையால் அழுத்தினேன். தோசைக்கல்லில் கை வைத்த மாதிரி இருந்தது. அது அமுங்கி, இடுப்பில் எழும்பியது. ஜெயக்கொடி இடுப்பை அழுத்தினாள்; கழுத்தில் எழும்பியது. "தள்ளுங்கட்டி, வந்துரும்" என்றான் அண்ணன். கழுத்து விளிம்புக்கு அடியில் நான் பார்த்தேன். சதை இருக்கும் என்று நினைத்தேன். அவன் படுத்திருந்த உப்பு தெரிந்தது, மணி மணியாக, எண்ணலாம் போல.

எனக்கு வாதம் எல்லாம் மறந்துபோனது. "அண்ணே, இழுக்காத" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் கை தன் கழுத்துக்குப் போய், விளிம்பைத் தொட்டு, அதற்குக் கீழே தன்னைத் தேடி, எதுவும் அகப்படாமல் நின்றது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். "யம்மா" என்றான், சின்னக் குரலில். அம்மா, தோலை மடித்துக் கொண்டுபோக வைத்திருந்த துணியைக் கீழே போட்டாள்.

பாத்தியில் தாளம் நின்றது. விசில் ஊதாமல் எந்தத் தோலும் அதுவரை நின்றதில்லை. மூன்றும் பலகையை ஒழுங்காக வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு மேலேறி வந்தன. முதலாவது, மற்றவற்றைவிட அதிக நாள் வெயிலில் நின்றது, காய்ந்த திருக்கை மீன் மாதிரி விறைத்திருந்தது. கடைசியாகக் கழன்ற மூன்றாவது என்னைத் தாண்டிப் போய் அண்ணன் மேல் படுத்து, தன் கைகளை அவன் கைகள் மேலும் கால்களை அவன் கால்கள் மேலும் வைத்து, சுருங்கி, ஒட்டிக்கொண்டது. அதன் மேல் இரண்டாவது. எல்லாவற்றுக்கும் மேல் முதலாவது. கஞ்சி போட்ட வேட்டியை உடுத்துகிற சத்தம் கேட்டது. பொன்பாண்டி தூரத்திலிருந்து விசிலை ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார்; அவை அசையவில்லை.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தபோது அவனுக்கு மறுபடியும் ஒரு நிறம் இருந்தது. முகம் மட்டும் கொஞ்சம் கோணலாகப் பொருந்தியிருந்தது, அவசரத்தில் பூட்டிய கதவு போல.

ஜெயக்கொடி தன் மேலிருந்த சட்டையின் பொத்தான்களைக் கழற்றினாள். அளத்தில் அத்தனை ஆண்கள் நிற்க, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சட்டையை அவன் தோளில் போட்டாள்.

"பொம்பளச் சட்ட" என்றான் அவன். உதடு விறைத்திருந்ததால் சரியாக வரவில்லை.

"ஆமா. அதப் போட்ட பொம்பளைக பூராவும் உசுரோட இருக்கோம்லா? கைய நீட்டுங்க."

அவன் கையை நீட்டினான். அவள் ஒவ்வொரு பொத்தானாகக் கழுத்துவரை பூட்டினாள்.

இத்தோடு கதை முடிந்தது, அண்ணன் பிழைத்தான் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் திரும்பி வந்த தோல், போன தோல் இல்லை. எரிந்தது எரிந்தபடியேதான் வந்தது. அத்தனை வெயிலையும் அது கூடவே கொண்டுவந்திருந்தது. பிடரியில், முதல் தோலின் மேல், கறுத்த ஒரு புண் ஓரம் ஒழுங்கில்லாமல் பரவியது. ஆறுவது போல ஆறி மறுபடி திறந்தது. தூத்துக்குடியில் டாக்டரம்மா அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்து அனுப்பிவிட்டு, பதில் வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தோல் புற்று, இன்னும் வெட்ட வேண்டும் என்றார். வெட்டினார்கள். திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள், திரும்பத் திரும்ப. இதெல்லாம் ஒரே நாளில் வந்ததில்லை, சின்ன வயதிலிருந்து வெற்றுடம்போடு நின்ற மத்தியானங்கள் எல்லாம் சேர்ந்து வந்தது என்று டாக்டரம்மா சொன்னதை நான் ஊரில் போய்ச் சொன்னேன். சுயம்புக்குத் தோலு ராசியில்ல என்று ஊர் சொன்னது.

ஜெயக்கொடியின் அப்பா, கொடியில் ஒரு தோல்கூட இல்லாத மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். அவள் எதுவும் சொல்லியனுப்பவில்லை. மறுநாள் நேரில் வந்து, எனக்கு வேறு சட்டை கொடுங்கள், நானும் வெயிலில்தானே நிற்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பச்சைக் கோடு போட்டது. போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள்.

லீவு நாட்களில் விடிந்ததும் நானும் அண்ணனும் அளத்து வாசலில் நிற்கிறோம். அம்மா வீடு வீடாகக் கேட்டு வாங்கித் துவைத்த பழைய முழுக்கைச் சட்டைகள் என் கையில். என் டியூபும் ஓலைத் தொப்பிகளும் ஒரு பெட்டியில். அண்ணன் நீலக்கட்டச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நிற்பான். பையன்கள் வெற்றுடம்போடு வருவார்கள். "என்ன மதினி, வேலைக்கா?" என்று அவனைக் கேட்பார்கள். அவன் கோபப்பட மாட்டான். திரும்பி நின்று காலரை இறக்கி, "தொட்டுப் பாருலே" என்பான். ஒருவன் தொடுவான். காய்ந்த இலையை மிதித்த மாதிரி ஒரு சத்தம் வரும். தொட்டவன் கையைக் கைலியில் துடைத்துக்கொள்வான். நான் ஆரம்பிப்பேன்: உப்பு, ஓலை, மேல் வெயில், கீழ் வெயில். அவர்களும் விடமாட்டார்கள். எங்க அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல என்பான் ஒருவன். புழுங்கும் என்பான் ஒருவன். நாளைலருந்து போடுதேங்க்கா என்பான், நாளையும் அதையே சொல்லப்போகிறவன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. பதில் சொல்லி முடிப்பதற்குள் விசில் ஊதிவிடும், அவர்கள் ஓடிவிடுவார்கள்.

கடைசியாக, அவர்கள் பின்னால், இசக்கிமுத்துவின் தோல்கள் ஐந்தும் வரும். எங்கள் முன்னால் வந்து நின்று கையை நீட்டும். நான் ஆளுக்கொரு சட்டையைக் கொடுப்பேன். ஒரு வார்த்தை பேசாமல், கேலி பேசாமல், எதிர்க்கேள்வி கேட்காமல் வாங்கி, மாட்டி, கூடவே வந்து நிற்கும் பேச்சியம்மாளிடம் பொத்தானைக் காட்டும். அவள் ஒவ்வொருவனுக்காகக் கழுத்துவரை பூட்டிவிடுவாள். உள்ளே ஆள் இல்லாதவர்கள் மட்டும்தான் நான் சொல்வதைக் கேட்கிறார்கள்.